மானியத்தை மறுத்த பள்ளிகள்

மலேசியச் சீன நாளிதழ்களின் வட்டாரப் பக்கத்தை எடுத்துப் பார்ப்பவர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். ஒரு பள்ளியின் விளையாட்டு விழா, புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய செய்தி, பழைய மாணவர் விருந்து, ஆசிரியர் ஒருவரின் பணி நிறைவு, நிர்வாக வாரியத் தேர்தல் ஆகியவை பத்தி பத்தியாக வந்திருக்கும். அவற்றின் கீழே நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல் இருக்கும். பத்தாயிரம் வெள்ளி தந்த வணிகர் பெயர் முதலிலும், சிறு தொகை தந்தோர் பெயர் பின்னருமாக அது நீளும். உலகச் செய்திக்கு இடம் தட்டுப்படும் நாளிலும் இப்பட்டியலுக்கு இடம் இருக்கும். 'ஒரு பள்ளிக்கூடத்து அன்றாட நிகழ்ச்சிக்கு இத்தனை இடமா?' என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

கேள்விக்கு விடை எளிது. அச்செய்திகள் வெறும் செய்திகள் அல்ல, கணக்கு ஒப்புவித்தல். பணம் தந்தவன் தன் பணம் என்னவாயிற்று என்று அறியும் இடம் அது. அரசாங்கத்தின் முழு மானியமோ அரசாங்கச் சம்பளமோ பெறாமல், பெரும்பாலும் ஊராரின் பணத்தாலும் மாணவர் கட்டணத்தாலும் நடைபெறும் பள்ளிகள் அவை. அவற்றைச் சுயேச்சைச் சீன உயர்நிலைப் பள்ளிகள் என்பர். நாடு முழுவதிலும் அவை 60 என்பது நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. தீபகற்பத்தில் 37, சரவாக்கில் 14, சபாவில் 9. பிற்காலத்தில் திறந்த கிளைகள் இக்கணக்கில் சேரா. இப்பள்ளிகள் எவ்வாறு பிறந்தன, ஏன் அரசாங்கப் பணத்தை வேண்டாமென்றன, வேண்டாமென்ற பின்னும் எவ்வாறு நிலைத்தன என்பது தமிழர் அறிய வேண்டிய வரலாறு. ஏனெனில் இக்கதை நடந்த அதே சட்டத்தின் கீழ்த்தான் தமிழ்ப் பள்ளிகளின் கதையும் நடந்தது.

நிலம் யாருடையது?

சீனர் பள்ளிகளைத் தொடங்கிய காலத்தில் அவற்றை நடத்தித் தருவாரென்று எவரையும் எதிர்பார்க்கவில்லை. ஆங்கிலேய ஆட்சி மலாய்ப் பள்ளிகளுக்கும் ஆங்கிலப் பள்ளிகளுக்கும் உதவியது; சீனப் பள்ளிகள்பால் அதற்கு முதலில் அக்கறை இல்லை, பின்னர் ஐயமே மிகுந்தது. ஆகவே கோயில் மண்டபங்களிலும், ஒரே குலப்பெயருடையோர் கூடும் சங்க வீடுகளிலும், கடைகளின் மேல்மாடிகளிலும் வகுப்புகள் நடந்தன. பினாங்கில் சுங் லிங் பள்ளியை 1917இல் தொடங்கியது ஒரு வாசக சங்கம். நூல் படிக்கவும் செய்தித்தாள் படிக்கவும் கூடிய அச்சங்கத்தார் டாக்டர் சன் யாட் சென்னின் புரட்சி இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். 1923இல் அங்கே உயர்நிலை வகுப்பும் வந்துவிட்டது.

ஜொகூர் பாருவில் பூன் யூ பள்ளி 1913இல் எழுந்தது. அதைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் வோங் ஆ ஃபூக். ஜொகூர் அரண்மனைக்குக் கட்டடங்கள் கட்டிய செல்வந்தர். இன்றும் அந்நகரின் பெருந்தெரு ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 'பூன் யூ' என்னும் பெயர் பரந்த மனத்தையும் மென்மையையும் குறிக்கும்; கன்பூசியரின் வழிவந்த பழைய நூலொன்றிலிருந்து எடுத்தது. ஜொகூர் பாருச் சீனர் ஒரே மொழி பேசியோர் அல்லர். தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கந்தோனியர், ஹைனானியர் என ஐந்து கூட்டத்தார். ஒருவர் பேச்சு மற்றவர்க்குப் புரியாது. வணிகத்தில் போட்டியும் உண்டு. ஆயினும் பழங்கோயில் திருவிழாவிலும் பள்ளிக்கூடத்திலும் ஐவரும் ஒன்று கூடினர்.

ஈண்டு ஒரு செய்தியை ஊன்றி நோக்க வேண்டும். பள்ளி நிலம் நிர்வாக வாரியத்தின் பொறுப்பில் இருந்தது. வாரியத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பணம் தந்த ஊரார். தலைமையாசிரியரை நியமித்ததும் வாரியமே. ஆகையால் பள்ளி என்பது அச்சமூகத்தின் சொத்து என்று சொல்வது பேச்சுக்கு அழகாகச் சொல்வதன்று. பத்திரத்திலே எழுதிய உண்மை. 1920இல் ஆங்கிலேயர் பள்ளிப் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஆசிரியரையும் நிர்வாகிகளையும் பதிவு செய்ய வேண்டுமென்றபோது சீனர் கடுமையாக எதிர்த்தது இதனாலேயே. சட்டம் நின்றது, பள்ளிகளும் நின்றன. ஜப்பானியர் காலத்தில் மூடிய பூன் யூ போருக்குப்பின் மீண்டும் திறந்து, 1951இல் உயர்நிலை வகுப்பையும் தொடங்கியது.

சட்டமும் தேர்வும்

1951ஆம் ஆண்டு இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. பார்ன்ஸ் குழு, தாய்மொழிப் பள்ளிகள் போய் மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரே வகைத் தேசியப் பள்ளி வரவேண்டும் என்றது. ஃபென், வூ என்னும் இருவர் எழுதிய அறிக்கை, சீனப் பள்ளிகளை அழிக்காமல் திருத்தி வளர்க்கலாம் என்றது. அரசு பார்ன்ஸ் குழுவின் பக்கமே சாய்ந்து 1952இல் சட்டம் இயற்றியது. இந்தச் சூழலில்தான் சீன ஆசிரியர் சங்கங்களின் ஒன்றியமான ஜியாவ் ஸோங் 1951 டிசம்பரிலும், பள்ளி வாரியங்களின் ஒன்றியமான டோங் ஸோங் 1954 ஆகஸ்டிலும் தோன்றின. ஒன்று ஆசிரியர் குரல், மற்றொன்று பணப்பெட்டி. இவ்விரண்டும் சேர்ந்து நின்றதே பின்வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை எனலாம்.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை சற்று இணக்கமானது. அதன்வழி பல்வேறு மொழிப் பள்ளிகளுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் 1960ஆம் ஆண்டு ரகுமான் தாலிப் அறிக்கையும், அதன்மேல் எழுந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் நிலைமையை மாற்றிவிட்டன. உயர்நிலைப் பள்ளிகளின் பொதுத்தேர்வுகள் ஆட்சிமொழிகளில் மட்டுமே நடைபெறும் என்று விதி வந்தது. அந்நாளில் ஆட்சிமொழிகள் மலாயும் ஆங்கிலமும். சீன உயர்நிலைப் பள்ளிகள் முழு மானியம் பெற விரும்பினால் ஆங்கிலத்தில் கற்பிக்கும் 'தேசிய மாதிரி'ப் பள்ளிகளாக மாறவேண்டும். மாறாதவற்றுக்கு முன்னர் கிடைத்த பகுதி மானியமும் நின்றுவிடும். மாறும் பள்ளிகளில் பாடநேரத்தில் மூன்றில் ஒரு பங்கு சீனமொழிக்குத் தரப்படும் என்றொரு வாக்குறுதியும் இருந்தது.

மாறியவர்களைப் பழிப்பது எளிது. அவர்கள் நிலையை எண்ணிப் பார்ப்பது நேர்மை. ஆசிரியருக்கு அரசாங்கச் சம்பளம். பெற்றோருக்குக் கட்டணச் சுமை குறைவு. மாணவனுக்கு நாட்டில் மதிப்புள்ள சான்றிதழ். இவை மூன்றும் ஒருபக்கம். மறுபக்கம் மொழி. பள்ளி வாரியக் கூட்டங்களில் நள்ளிரவு வரை வாதம் நடந்திருக்கக்கூடிய விஷயம். முன்னரே 1956இல் சுங் லிங் உயர்நிலைப் பள்ளி சிறப்பு மானியத்தை ஏற்றபோது அதன் மாணவர்கள் மறியல் செய்தனர். அப்பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த டேவிட் சென் அதற்கு நான்காண்டு முன்னர், 1952இல், சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார் என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்நாளில் சீனப் பள்ளி ஒன்றின் தலைமைப் பொறுப்பு எத்தகையது என்பது விளங்கும். நெருக்கடி காலம் அது. பள்ளிக்கூடமும் போர்க்களத்தின் ஒரு மூலையாயிற்று.

ஜியாவ் ஸோங் தலைவர் லிம் லியன் கியோக் மாற்றத்தை எதிர்த்தார். 1901இல் சீனாவின் ஃபூக்கியன் மாநிலத்தில் பிறந்து, கோலாலம்பூரில் கன்பூசியன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சீனர் இந்நாட்டைத் தம் நாடாகக் கொண்டு குடியுரிமை பெறவேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னவரும் அவரே. 1961இல் அவருடைய குடியுரிமையைப் பறிக்கும் அறிவிப்பு வந்தது. ஆசிரியர் பதிவும் நீக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றும் பயனில்லை. 1964இல் குடியுரிமை போயிற்று. பிறரைக் குடியுரிமை பெறத் தூண்டியவர் தாம் நாடற்றவராக 1985 டிசம்பர் 18 வரை வாழ்ந்து மறைந்தார். அந்நாளை ஆண்டுதோறும் சீனக்கல்வி விழா நாளாகச் சுயேச்சைப் பள்ளிகளில் கொண்டாடுகின்றனர்.

முடிவு என்னவென்றால், அந்நாளில் மலாயாவில் இருந்த ஏறத்தாழ 70 சீன உயர்நிலைப் பள்ளிகளுள் ஐம்பதுக்கு மேற்பட்டவை மாறின. மாற மறுத்தவை மிகச் சில. மாறிய பள்ளிகளிலும் பல, அதே வளாகத்தில் அல்லது அருகிலேயே, ஒரு சுயேச்சைப் பிரிவைத் தனியே நடத்தின. சுங் லிங்கிலும் அவ்வாறே. இதனால் ஒரே வாயிலுக்குள் இரு பள்ளிகள்: ஒன்றில் அரசாங்க ஆசிரியர், மற்றொன்றில் வாரியத்தின் ஆசிரியர்.

தோற்றவர்களின் பள்ளி

அந்தச் சுயேச்சைப் பிரிவுகளில் சேர்ந்தோர் யார்? ஆறாம் ஆண்டு முடிவில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறாதவரும் வயது கடந்தவரும் அரசாங்கப் பள்ளியில் சேர இயலாது. அவர்களே இங்கு வந்தனர். ஆகவே சுயேச்சைப் பள்ளி என்றால் தோற்றவர் பள்ளி என்னும் பெயர் ஏற்பட்டது. பெயர் அப்படி இருந்தாலும் இடங்கள் நிரம்பின.

1964இல் நுழைவுத் தேர்வே எடுபட்டது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை அரசாங்கப் பள்ளியில் தொடரலாம் என்றாயிற்று. நாட்டுக்கு நல்ல மாற்றம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பயன் தந்த மாற்றம். ஆனால் சுயேச்சைப் பள்ளிகளுக்கு அது பேரிடியாயிற்று. தோற்றவர்கூட வரவில்லை. வகுப்பறைகள் வெறிச்சோடின. சம்பளம் தர வழியில்லாத வாரியங்கள் பள்ளியை மூடிவிடலாமா என்று பேசத் தொடங்கின. ஓர் அரசாங்கம் கடுஞ்சட்டத்தால் செய்ய முடியாததை ஒரு நல்ல சட்டம் தற்செயலாகச் செய்துவிட்டது எனலாம். வரலாற்றில் இத்தகைய விந்தைகள் உண்டு.

பேராக், 1973

மீட்சி தொடங்கிய இடம் பேராக் மாநிலம். அங்கே ஒன்பது சுயேச்சைப் பள்ளிகள் இருந்தன. ஈப்போவில் ஷென் ஜாய், போய் லாம், யுக் சோய்; தைப்பிங்கில் ஹுவா லியன்; கம்பாரில் பெய் யுவான்; பின்னாளில் தெலுக் இந்தான் என்று பெயர்பெற்ற தெலுக் ஆன்சனில் சான் மின்; சித்தியவானில் நான் ஹுவா; கோலகங்சாரில் சுங் வா; பந்தாய் ரெமிசில் யிக் சிங். ஈய வயல்களும் ரப்பர்த் தோட்டங்களும் மீன்பிடி ஊர்களுமான நிலப்பரப்பு. இவ்வூர்களில் தமிழர் கால்படாத தெரு இல்லை. ஆயினும் இப்பள்ளிகளில் நடந்தது தமிழர்க்கு அவ்வளவாகத் தெரியாது.

1973இல் இவ்வொன்பது பள்ளிகளையும் மீட்கப் பத்து லட்சம் வெள்ளி திரட்டுவது என்று ஈப்போவில் தீர்மானமாயிற்று. முன்னின்றவர்களுள் சிறந்தவர் ஃபூ வான் தொட். ஈயச் சுரங்கத் தொழிலதிபர். ஒரு பள்ளி தனக்கு மட்டும் பணம் கேட்பதில்லை, ஒன்பதுக்கும் சேர்த்தே கேட்பது என்பது அவர்கள் கொண்ட முறை. பெரிய ஊரின் பள்ளி சிறிய ஊரின் பள்ளியை விழுங்கிவிடாமல் காத்தது அம்முறை. பந்தாய் ரெமிஸ் மீனவன் தந்த வெள்ளியும் ஈப்போ வணிகன் தந்த ஆயிரமும் ஒரே பெட்டியில் விழுந்தன.

செல்வரிடம் மட்டும் கையேந்தி இருந்தால் இது ஒரு விருந்தோடு முடிந்திருக்கும். கடைத்தெருச் சிறு வியாபாரிகளும், முடிதிருத்துவோரும், திரிஷா வண்டி மிதிப்போரும் தம் உழைப்பின் வரவைப் பள்ளிக்குத் தந்தனர். இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1953இல் சிங்கப்பூரில் டான் லார்க் சை என்னும் ரப்பர் வணிகர் 50 லட்சம் வெள்ளி தருவதாக அறிவித்து, நான்யாங் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்டார். 1954இல் திரிஷா வண்டிக்காரர்கள் ஒருநாள் வரவு முழுதையும் அதற்குத் தந்தனர். 1956இல் வகுப்புகள் தொடங்கிய அப்பல்கலைக்கழகம் 1980இல் வேறொன்றோடு இணைக்கப்பட்டு மறைந்தது. எனினும் அந்த வண்டிக்காரர் கதையைச் சீனக் குழந்தைகள் இன்றும் கேட்டு வளர்கின்றனர். பேராக் மக்கள் அதையே மீண்டும் செய்தனர்.

இலக்கு நிறைவேறியது. ஆனால் பணத்தால் மட்டும் பள்ளி பிழைக்காது. சான்றிதழ் எதற்கும் பயன்படாதென்றால் எந்தத் தந்தை தன் மகனை அனுப்புவான்? இதை உணர்ந்தமையே பேராக் இயக்கத்தின் பின்விளைவுகளுள் தலையாயது. 1973 டிசம்பர் 16இல் நாடெங்குமுள்ள சுயேச்சைப் பள்ளிகளின் பேராளர் கோலாலம்பூரில் கூடி ஒரு திட்ட அறிக்கையை ஏற்றனர். எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம், பொதுவான தேர்வு, பொது நிதி என்பன அதன் சாரம். அவ்வாண்டே டோங் ஸோங் தலைமையை ஏற்றவர் லிம் ஃபோங் செங். 1975இல் முதலாவது ஒருங்கிணைந்த தேர்வு நடைபெற ஏற்பாடாயிற்று. அந்நாளில் கல்வி அமைச்சராக இருந்த டாக்டர் மகாதீர் முகமது, தலைவர்களை நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அழைத்துத் தேர்வை நடத்த வேண்டாமென்றார். தேர்வு அவ்வாண்டு இறுதியில் நடைபெற்றது. ஒருநாளும் தள்ளிப்போடவில்லை.

அதுமுதல் அந்தத் தேர்வு நிலையானது. தைவான், சிங்கப்பூர் முதலிய இடங்களின் பல்கலைக்கழகங்கள் அச்சான்றிதழை ஏற்றன. உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் வாயில் மட்டும் நெடுங்காலம் மூடியே இருந்தது; அதைத் திறப்போம் என்ற வாக்குறுதி தேர்தல்தோறும் பேச்சாயிற்று. சரவாக் மாநில அரசு தன்னளவில் அதை ஏற்றுக்கொண்டது. 1973இல் நாட்டின் சுயேச்சைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் சேர்ந்து 30,000 மாணவர்க்கும் குறைவு. 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் அது 80,000ஐத் தாண்டியது. சீனரல்லாத பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. தோற்றவர் பள்ளி என்ற பெயர் எங்கோ போயிற்று. சில பள்ளிகளில் இடம் கிடைப்பதே அரிதாயிற்று. கட்டணம் தர இயலாத ஏழைச் சீனப் பிள்ளைக்கு இப்பள்ளிகள் எட்டாமற் போவது அதனால் வந்த வருத்தம். அதையும் மறைத்தல் கூடாது.

தமிழர் பக்கம்

தமிழர்க்கு இத்தகைய பள்ளி ஏன் இல்லை? ஈகைக் குணம் இல்லை என்றோ மொழிப்பற்று இல்லை என்றோ விடை கூறுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையும்போது அதில் தமிழுக்கே முதலிடம் வேண்டுமென்று கிளர்ச்சி எழுந்தது 1950களில். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கினார். தலைக்கு ஒரு வெள்ளி. தோட்டத்து ஆணும் பெண்ணும், துறைமுகக் கூலியும், நகரசுத்தித் தொழிலாளியும் கொடுத்தனர். அப்பணம் தமிழ் நூலகமாயிற்று. அஃது ஒன்று.

மற்றொன்று, 1960இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய்த் தொழிலாளர் தெருவில் நின்ற காலம். அவர்களிடமே சிறு தொகை திரட்டித் தோட்டம் வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் முதலாவது. திரிஷாக்காரன் கொடுத்த வெள்ளிக்கும் பால்மரத் தொழிலாளி கொடுத்த வெள்ளிக்கும் எடையில் வேற்றுமை இல்லை.

வேற்றுமை நிலத்தில் இருந்தது. சீனப் பள்ளி எவருடைய தயவும் இன்றிச் சொந்த நிலத்தில் எழுந்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளியோ 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் குழந்தை. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது அச்சட்டம். நிலம் கம்பெனியுடையது, கொட்டகையும் கம்பெனியுடையது, ஆசிரியரை அமர்த்தியதும் பல இடங்களில் மானேஜரே. கங்காணியோ கிராணியோ ஆசிரியர் வேலையையும் பார்த்த பள்ளிகள் உண்டு. பெற்றோர்க்கு வாரியமும் இல்லை, வாக்கும் இல்லை. தோட்டம் கைமாறினால் பள்ளியும் கைமாறும். தோட்டம் அழிந்தால் பள்ளியும் அழியும். 1961இல் மானியத்தை மறுக்கலாமா ஏற்கலாமா என்று சீன வாரியங்கள் வாதித்தபோது, வாதிப்பதற்குத் தமிழர் கையில் உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்ததா? இல்லை. இல்லாத பள்ளியின் மானியத்தை எவ்வாறு மறுப்பது!

இதனால் ஒரு விசித்திர நிலை ஏற்பட்டது. அடியிலே ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள். முடியிலே பல்கலைக்கழகத் தமிழ்த் துறையும் அதன் நூலகமும். இரண்டுக்கும் இடையே, தமிழில் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளி மலாயாவில் இல்லை. ஏணியின் கீழ்ப்படியும் மேற்படியும் இருந்தன, நடுப்படிகள் இல்லை. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை புகுமுக வகுப்புக்குச் சென்று, வேற்றுமொழியில் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

சிங்கப்பூரில் மட்டும் ஒரு விதிவிலக்கு இருந்தது. கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்களின் சங்கம் 1946இல் தஞ்சோங் பகாரில் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960இல் அங்கே உயர்நிலை வகுப்புகள் வந்தன. சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளி அதுவே. சீறாப்புராணம் பாடிய புலவர் பெயரில், சாதி சமயம் பாராமல் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் பயின்றனர். ஆங்கிலத்துக்கே பெற்றோர் விரைந்த காலத்தில் மாணவர் குறைந்து 1982இல் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் பெயரால் தமிழ்மொழி நிலையம் எழுந்து, பல பள்ளி மாணவர்க்கும் தமிழ் கற்பித்து வருகிறது. ஓர் ஊரிலிருந்து வந்த சிறு கூட்டத்தார், தமக்கென ஓரிடமும் ஒரு சங்கமும் இருந்தமையால் இதைச் செய்ய முடிந்தது என்பது கருதத்தக்கது.

முரசு

மீண்டும் பூன் யூவுக்கு வருவோம். மாறாது நின்ற பள்ளிகளுள் அது முன்வரிசையில் நின்றது; பின்னர் நாட்டின் சுயேச்சைப் பள்ளிகளிலேயே பெரியதாக வளர்ந்தது. 2005இல் கூலாயில் அதன் கிளை திறந்தது. ஆனால் அப்பள்ளியின் பெயரை உலகுக்கு அறிவித்தது கட்டடமும் அன்று, தேர்வு முடிவும் அன்று.

1988இல் அங்கே ஒரு முரசுக் குழு தோன்றியது. இசையாசிரியர் டான் ஹூய் சோங்கும், கவிஞர் டான் சாய் புவானும் சேர்ந்து அமைத்தது. சிங்க ஆட்டத்துக்குக் கொட்டும் முரசு சீனர் தெருவில் எங்கும் உள்ளதே. அதில் 24ஐ எடுத்து, சீன உழவர் பழங்காலம் தொட்டு ஆண்டைப் பகுத்த 24 பருவங்களின் பெயரை ஒவ்வொன்றாக அவற்றின் மேல் தூரிகையால் எழுதினர். மலேசியத் தமிழர் நன்கறிந்த 'செங் பெங்' அவற்றுள் ஒன்று. மாவுருண்டை உண்ணும் 'டோங்ஸி' மற்றொன்று. பனியும் உறைபனியும் குறிக்கும் பெயர்களும் உண்டு. ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமேயான ஜொகூரில், பனியைக் கண்டறியாத பிள்ளைகள் அப்பெயர் பொறித்த முரசைக் கொட்டினர். நாற்று, விதை, மழை, அறுவடை என்று உழவனின் ஆண்டு முழுதும் அவர்கள் கையசைவிலும் காலசைவிலும் வந்தது.

இது சீனாவிலிருந்து வந்த கலை அன்று. மலேசியச் சுயேச்சைப் பள்ளி ஒன்றின் திடலில் பிறந்தது. பின்னர் பிற பள்ளிகள் கற்றுக்கொண்டன; சிங்கப்பூருக்கும் அப்பாலும் சென்றது; சீனாவிலும் குழுக்கள் தோன்றின. 2009இல் மலேசிய அரசாங்கம் இதனைத் தேசிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. பள்ளிக்கு முழு மானியம் இல்லை. அதன் முரசுக்கு மரியாதை உண்டு.

பள்ளிகளின் நிதி விருந்துகளில் இம்முரசுகள் பெரும்பாலும் முதலிலேயே ஒலிக்கும். மண்டபத்தில் நூறு மேசை இருந்தால் நூறும் விற்றிருக்கும். முரசு ஓய்ந்ததும் வாரியத் தலைவர் எழுந்து, இவ்வாண்டு எந்தக் கட்டடத்தின் கூரைக்குப் பணம் தேவை, எவ்வளவு குறைகிறது என்று கணக்குச் சொல்வார். தந்தவர் பெயர் மறுநாள் நாளிதழில் வரும்.